லயத்துக் கதவு

மழை விட்ட மறுநாள் செம்பனைத் தோட்டத்துக்குள் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். சாலை எது, வடிகால் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டும் ஒரே செம்மண் நிறத்தில் ஒரே மட்டத்தில் கிடக்கும். ஜொகூரின் கிழக்குப் பக்கத்தில் நவம்பரில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை லேசில் விடாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்தது இந்தப் பருவத்து மழைதான். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையில் காஹாங் வந்ததும் உள்ளே திரும்பினால், எண்டாவ் ரொம்பின் காட்டின் வாசலான கம்போங் பெத்தா வரைக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மண்பாதை. அந்தப் பக்கத்துத் தோட்டத்துச் சாலைகளுக்குக் கணக்கே இல்லை.

என் மச்சான் அங்கே தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி இறக்கும் குத்தகை எடுத்திருக்கிறார். தன் பிக்அப்பை ஊர் வழக்கப்படி ‘போர்வீல்’ என்றுதான் சொல்வார். ஒரு டிசம்பர் சாயங்காலம் அதன் இடது முன்சக்கரம், ஒரு குழாய்ப் பாலத்தின் ஓரத்தில் இறங்கிவிட்டது. லாலாங் புல்லுக்குள் சிமெண்டு விளிம்பு ஒளிந்திருந்தது. ‘டொம்’ என்று ஒரு சத்தம். பின்னால் வந்த டிராக்டர் இழுத்து மேலே ஏற்றியது. டயர் வெடிக்கவில்லை, எண்ணெய் ஒழுகவில்லை. வண்டி தன் காலிலேயே வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் விடியற்காலையில் வேலையாட்கள் காத்திருப்பார்கள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். தோட்டத்தில் எல்லா அவசரமும் அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. ஆக, வண்டியை நிறுத்திவைத்துப் பார்க்க மச்சானுக்கு நேரமில்லை.

ஆனால் ஸ்டீயரிங் மூன்று புகார்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வட்டம் ஒரு பக்கம் கோணலாக நின்றது. பிளஸ் நெடுஞ்சாலையில் 90ஐத் தொட்டதும் கை நடுங்கியது. பிடியைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. மச்சானுக்கு இது மூன்றும் ஒரே வியாதி: “ஸ்டீயரிங் போச்சு.” மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன. மூன்றில் ஒன்றுகூட ஸ்டீயரிங் வட்டத்திலோ அதன் ரேக்கிலோ இல்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

முதலில் அடியின் அளவைப் பார்ப்போம். இரண்டு டன் எடையுள்ள வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 17,000 ஜூல். இருபது கிலோ செம்பனைக் குலை ஒன்று பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அது தரும் ஆற்றல் 2,000 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்பது குலைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழுந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி முழுதாக நின்றுவிடவில்லை, ஆகவே அத்தனையும் சக்கரத்துக்குள் போகவில்லை. இரண்டு குலை போனாலே போதும், இரும்பு வளையும்.

அந்த ஆற்றல் எங்கே போகும்? டயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பிறகு ரிம், அதன்பின் சக்கரத்தைத் தாங்கும் கணு, கணுவைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோவர் ஆர்ம், அதன் வேரிலிருக்கும் ரப்பர் புஷ், கடைசியில் சேஸி. இன்னொரு கிளை டை ராடு வழியாகப் போய் ஸ்டீயரிங் ரேக்கில் சேரும். இந்தச் சங்கிலியில் மெல்லிய கண்ணி டை ராடு. அதை வடிவமைக்கிறவர்கள், முறியாமல் வளைகிற இரும்பில்தான் செய்வார்கள். வளைந்த டை ராடோடு மெதுவாக வீடு வரலாம். முறிந்ததோடு வர முடியாது.

மச்சான் பிறகு டவுனில் ஒரு டயர் கடைக்குப் போனார். கடையின் பெயர் வேண்டாம். கணினி அலைன்மெண்ட். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு தாளும் கையில் கொடுத்தார்கள். தாளில் இருந்த எண்கள் எல்லாம் பச்சை நிறம். ஸ்டீயரிங் வட்டம் நேராகிவிட்டது. ஆனால் நடுக்கம் அப்படியே இருந்தது, இடப்பக்கம் இழுப்பதும் அப்படியே. “ரோடு அப்படித்தான் இருக்கும், அண்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதில் பாதி உண்மை உண்டு. மழைநீர் வழிய வேண்டும் என்பதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்திப் போடுவார்கள். மலேசியாவில் நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், பழுதே இல்லாத வண்டியும் கையை விட்டால் மெல்ல இடப்பக்கம்தான் நகரும். பட்டறைக்காரருக்கு இது வசதியான பதில். சரிபார்க்கும் வழியும் எளிதுதான்: சமதளமான லோரி நிறுத்துமிடம் ஒன்றில் ஒருமுறை இந்தத் திசையில், இன்னொரு முறை எதிர்த்திசையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தரையின் சரிவு காரணமென்றால், திசை மாறும்போது இழுப்பும் பக்கம் மாறும். மச்சானின் வண்டி இரண்டு முறையும் தன் இடப்பக்கமே போனது.

அதன்பிறகு நாங்கள் போனது ஒரு பழைய பட்டறைக்கு. அதை நடத்தும் அண்ணனுக்கு அறுபது வயதுக்கு மேல். வெட்டுமரம் இழுக்கிற லோரிகளில் கை பழகியவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ லோரிகளை மாற்றிக் கட்டி, காட்டுக்குள் மரம் இழுக்க விட்ட ‘சான் தாய் வோங்’ வகை லோரிகளைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். அவர் தொழில் படித்தது அவற்றின் அடியில் படுத்துக்கொண்டுதான். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அடியில் குனிந்து பார்த்தார்.

“தம்பி, மொதல்ல கழுவிட்டு வா.”

மச்சானுக்குக் கோபம். கழுவவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஆனால் அண்ணன் சொன்னதில் நல்ல இயற்பியல் இருந்தது. ரிம்மின் உட்பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், செம்மண் அப்பிக் காய்ந்து கிடந்தது. நூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம், ஒரு கைப்பிடிகூட இல்லை. சக்கர மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒட்டியிருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் சுற்றும். அப்போது அந்த நூறு கிராம் மண் சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும் விசை, ஒன்பது கிலோ எடைக்குச் சமம். அது ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை இழுக்கிறது. வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். 45 கிலோமீட்டரில் இரண்டேகால் கிலோதான். தோட்டத்துக்குள் நடுக்கம் தெரியாமல் நெடுஞ்சாலையில் மட்டும் தெரிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வருகிற நடுக்கம் பெரும்பாலும் சுழலும் பொருளிலிருந்துதான் வரும். தண்ணீர்க் குழாயால் பத்து நிமிடம் அடித்ததில் நடுக்கப் புகார் தீர்ந்தது.

இந்த நடுக்கத்துக்கு ஒரு கெட்ட தம்பியும் உண்டு. முன் அச்சு ஒரே இரும்புத் தண்டாக இருக்கும் வண்டிகளில், ஒரு குழியில் விழுந்ததும் இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்து இடவலமாகப் படபடவென்று ஆடத் தொடங்கும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் நிற்கும். 1920களில் கார்கள் வேகம் பிடித்தபோது பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுத்த பிரச்சினை இது. பிரான்சில் ஜார்ஜ் புரூயே 1925இல் இதை ஆராயப் போய்த்தான், டயர் தான் பார்க்கும் திசைக்கும் உண்மையில் நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டு என்ற கருத்துக்கு வந்தார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மோரிஸ் ஆலி போன்றவர்கள் 1930களில் முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதற்கு, சொகுசோடு இந்த ஆட்டமும் ஒரு காரணம். உங்களிடம் பழைய லாண்ட் ரோவரோ ஜிம்னியோ இருந்தால், கழுவியும் பேலன்சிங் செய்தும் அடங்காத ஆட்டத்துக்கு பேரிங், டை ராடு எண்ட், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பியின் புஷ் ஆகியவற்றில் எங்கே தளர்வு என்று தேடுங்கள்.

தளர்வு தேட அண்ணனுக்குக் கருவி வேண்டியதில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்து 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டினார். அங்கே ஆட்டம் இருந்தால் டை ராடு வழியில் கோளாறு. பிறகு 12, 6. அங்கே ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இரண்டில் எது என்று அறிய மச்சானை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் சக்கரமும் கணுவும் ஒன்றாக இறுகிவிடும். பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். மிதித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட். இவ்வளவு அழகான பரிசோதனையை நான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்கூடச் செய்ததில்லை. ஒரு மிதியில் இரண்டு சந்தேகங்கள் பிரிந்துவிடுகின்றன. இந்த வண்டியில் எதிலும் ஆட்டம் இல்லை.

ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பிதுக்கிப் பார்த்தார். கிழிந்த உறைக்குள் சேற்றுநீர் போனால் மண் துகள் உப்புத்தாள்போல ரேக்கை அரைத்துவிடும். இரண்டு மாதம் கழித்து வருகிற செலவு அது. கிழியவில்லை. தூக்கிய நிலையிலேயே எஞ்சினை ஓடவிட்டுக் கையை எடுக்கச் சொன்னார். பவர் ஸ்டீயரிங்கின் வால்வு கெட்டிருந்தால், தரையைத் தொடாத சக்கரம் தானாகவே ஒரு பக்கம் திரும்பும். திரும்பவில்லை. ஸ்டீயரிங் ரேக் குற்றமற்றது என்று அந்த இடத்திலேயே தீர்ப்பாகிவிட்டது.

கழுவியதில் இன்னொன்றும் வெளியே வந்தது. இடப்பக்க டை ராடு வளைந்திருந்தது. டயர் கடைக்காரர்கள் சேற்றோடு சேர்த்தே அதைத் திருகியிருக்கிறார்கள். டை ராடின் முனையில் மரை உண்டு. திருகினால் நீளம் கூடும், குறையும். அண்ணன் டார்ச் அடித்து, வெளியே தெரியும் மரைகளை இரு பக்கமும் எண்ணினார். இடப்பக்கம் இரண்டு மரை அதிகம்.

இங்கே கொஞ்சம் கணக்கு. 30 செ.மீ. நீளமுள்ள தண்டு நடுவில் 18 மி.மீ. வில்லாக வளைந்தால், அதன் முனைக்கு முனை தூரம் 3 மி.மீ. குறையும். டை ராடு இழுக்கும் நெம்புகை 15 செ.மீ. நீளம் என்றால், 3 மி.மீ. குறைவு சக்கரத்தை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் திருப்பிவிடும். வண்டி ஓடும்போது இரண்டு சக்கரங்களும் அந்தக் கோணலைப் பாதிப்பாதியாகப் பங்குபோட்டுக்கொள்ளும். ஆகவே வண்டி நேராகத்தான் போகும், ஸ்டீயரிங் வட்டம்தான் கோணலாகும். எவ்வளவு? சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டீயரிங் 18 டிகிரி சுற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அரை டிகிரிக்கு ஏறக்குறைய பத்து டிகிரி கோணல். இதைத் திருப்பியும் போடலாம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே, பத்து டிகிரி கோணலைப் பார்த்து, அடியில் ஒரு தண்டு 3 மி.மீ. குட்டையாகியிருக்கும் என்று சொல்லிவிடலாம். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி மரையில் 3 மி.மீ. என்பது சரியாக இரண்டு சுற்று. அண்ணன் எண்ணியதும் இரண்டு.

சக்கரங்கள் இப்படி ஒன்றையொன்று பார்ப்பதையோ முகம் திருப்பிக்கொள்வதையோ ‘டோ’ என்கிறோம். கால் விரல்களை உள்ளே வைத்து நிற்பவரையும் வெளியே வைத்து நிற்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இதன் விலையை டயர் கொடுக்கும். அரை டிகிரிக்குச் சற்று மேல் கோணலாக உருளும் சக்கரம், ஒரு கிலோமீட்டர் உருளும்போது பத்து மீட்டர் பக்கவாட்டில் தேய்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடினால் ஒரு கிலோமீட்டர் தூரம் டயரை ரோட்டில் குறுக்கே இழுத்த மாதிரி. சரக்கு லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் சோதனைக்குப் போகும்போது, ஒரு தட்டின் மேல் சக்கரம் ஏறி இறங்குமே, அந்தத் தட்டு அளப்பது இந்தப் பக்கவாட்டு நகர்வைத்தான். ஜப்பானில் ஒரு மீட்டருக்கு 5 மி.மீ. வரை அனுமதி.

டயர் கடை செய்தது, வளைந்த தண்டின் மரையைத் தளர்த்தி நீளத்தை ஈடுகட்டியது. எண் பச்சையானது. வளைந்த தண்டு வளைந்தே இருந்தது. ஒருமுறை வளைந்த தண்டு அடுத்த அடிக்கு இன்னும் எளிதாக வளையும் என்பது கணினிக்குத் தெரியாது.

மிச்சமிருந்தது மூன்றாவது புகார். இடப்பக்கம் இழுப்பு. டோ கோணலால் இப்படி இழுக்காது. இரண்டு சக்கரங்களும் பங்குபோட்டுக்கொள்ளும் என்று பார்த்தோம். அண்ணன் முன்டயர்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டச் சொன்னார். டயர் கூம்பு வடிவில் தேய்ந்திருந்தால் இழுப்பும் டயரோடு சேர்ந்து வலப்பக்கம் போய்விடும். போகவில்லை. ஓட்டி வந்ததும் ரிம்கள் பக்கம் கை காட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும். இரண்டும் ஒரே சூடு.

அப்புறம் அளவு நாடாவை எடுத்தார். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் 6 மி.மீ. குட்டை.

குட்டை என்றால் இரண்டில் ஒன்று. முன்சக்கரம் பின்னால் வந்திருக்கலாம், அல்லது பின்சக்கரம் முன்னால் வந்திருக்கலாம். பின்சக்கரத்தைச் சந்தேகிக்காமல் விடுவது பல பட்டறைகள் செய்யும் தப்பு. பின்பக்கம் பட்டை வில்களை அச்சோடு பிடித்திருக்கும் நடுப் போல்ட் ஒன்று உண்டு. அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நாய் ஓடுவதுபோலப் பக்கவாட்டில் சாய்ந்து ஓடும். ஓட்டுநர் முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திட்டிக்கொண்டிருப்பார். அண்ணன் கொத்தனார்களின் தூக்குக்குண்டை எடுத்தார். சேஸியில் தொழிற்சாலையிலேயே போட்ட துளைகளிலிருந்தும் சக்கர மையங்களிலிருந்தும் நூலைத் தொங்கவிட்டு, தரையில் சாக்கட்டியால் புள்ளி வைத்தார். வண்டியைத் தள்ளிவிட்டுப் புள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். பின்சக்கரம் இருந்த இடத்தில்தான் இருந்தது. இடது முன்சக்கரம்தான் பின்னால் போயிருந்தது.

அப்படியானால் கணினித் தாள் ஏன் பச்சை? இந்தக் கேள்விதான் என்னை வீட்டுக்குப் போகவிடாமல் நிறுத்தியது.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். எங்கள் வீட்டுப் பின்கதவின் நிலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. திறந்து விட்டால் போதும், கதவு தானாகவே மெல்ல வந்து மூடிக்கொள்ளும். யாரும் தள்ள வேண்டாம். நிலை நேர்க்குத்தாக இருந்தால் கதவு விட்ட இடத்தில் நிற்கும். சாய்ந்திருந்தால், திறக்கும்போது கதவின் எடை கொஞ்சம் மேலே ஏறுகிறது. ஏறியது இறங்கத்தான் பார்க்கும். கீலைப் பலகை மூடியிருந்தாலும், கதவு எப்படி அசைகிறது என்பதைப் பார்த்தே நிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சாய்வு கண்ணுக்குத் தெரியாது. அசைத்தால் தெரியும்.

முன்சக்கரமும் ஒரு கதவுதான். அதன் கீல், மேலே ஒரு பால் ஜாயிண்ட்டுக்கும் கீழே ஒரு பால் ஜாயிண்ட்டுக்கும் இடையில் மனத்தால் இழுக்க வேண்டிய கோடு. பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோடு நேர்க்குத்தாக நிற்காது. மேல்முனை கொஞ்சம் பின்னாலும் கீழ்முனை கொஞ்சம் முன்னாலும் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் பெயர் காஸ்டர். 37 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் காஸ்டர் 3 டிகிரி என்றால், அந்தக் கோட்டை நீட்டினால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு 19 மி.மீ. முன்னால் தரையில் குத்தும். பேரங்காடித் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் எப்போதும் தன் கீலுக்குப் பின்னால் வந்து நிற்பது போல, டயரும் கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு நேராகிறது. வளைவில் திரும்பியபின் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். டயரின் சொந்த நெகிழ்வும், கோடு உட்பக்கம் சாய்ந்திருப்பதும் கூடவே உதவுகின்றன.

இரண்டு சக்கரங்களில் ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கம் தள்ளப் பார்க்கும். இடது சக்கரம் வண்டியை வலப்பக்கம், வலது சக்கரம் இடப்பக்கம். இரண்டும் சமமாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. குழாய்ப் பாலத்தின் விளிம்பு இடது லோவர் ஆர்மைப் பின்னால் தள்ளிவிட்டது. இரு ஜாயிண்ட்டுகளுக்கும் இடையே 30 செ.மீ. என்று கொண்டால், கீழ் ஜாயிண்ட் 10 மி.மீ. பின்னால் போனால் காஸ்டரில் ஏறக்குறைய 2 டிகிரி காணாமல் போகும். சக்கர மையம் நடுவில் இருப்பதால் அது அதில் பாதியளவுதான், 5, 6 மி.மீ. நகரும். நாடாவில் கிடைத்த எண்ணும் அதுதான். இடது சக்கரத்தின் தள்ளல் குறைந்தது, வலது சக்கரம் ஜெயித்தது, வண்டி இடப்பக்கம் போனது. காஸ்டர் குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும்.

இப்போது கணினிக்கு வருவோம். டோவையும், சக்கரம் தலை சாய்த்து நிற்கும் கேம்பர் கோணத்தையும், வண்டி நின்றபடியே அளந்துவிடலாம். சக்கரத்தின் முகத்தில் ஒரு தட்டைப் பொருத்தினால் போதும், கேமரா பார்த்துச் சொல்லும். காஸ்டர் அப்படி இல்லை. அது கீலின் சாய்வு. கீல் சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. லயத்துக் கதவைப் போல அசைத்துத்தான் அறிய முடியும். ஸ்டீயரிங்கைக் குறிப்பிட்ட அளவு இடப்பக்கம் திருப்பி, அதே அளவு வலப்பக்கம் திருப்பி, அந்தச் சுற்றில் கேம்பர் எவ்வளவு மாறியது என்று பார்த்து, அதிலிருந்து கருவி காஸ்டரைக் கணக்கிடும். இதற்கு ‘ஸ்வீப்’ என்று பெயர். கூடுதலாகச் சில நிமிடம் ஆகும். அவசரமான கடையில் அதை விட்டுவிடுவார்கள். மச்சானின் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். காஸ்டர் வரிசையில் எண்ணே இல்லை, வெறும் கோடு. எண் இருந்த இடங்கள் எல்லாம் பச்சைதான். யாரும் பொய் சொல்லவில்லை.

லோவர் ஆர்ம் வளைந்ததற்குக் கண்கண்ட சாட்சி ஒன்றும் கிடைத்தது. புஷ்ஷுக்குப் பக்கத்தில் கறுப்புப் பெயிண்ட் மெல்லிய கோடுகளாக வெடித்து, கோட்டுக்குள் புதுத் துரு செம்மஞ்சளாகத் தெரிந்தது. இரும்பு நீளும், பெயிண்ட் நீளாது. கணினிகள் வருவதற்கு முன் பொறியாளர்கள் இயந்திர உறுப்புகளின் மேல் வேண்டுமென்றே நொறுங்கும் பூச்சைப் பூசி, எங்கே வெடிக்கிறது என்று பார்த்து அழுத்தம் எங்கே அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். தோட்டத்துப் பிக்அப்பில் அந்தச் சோதனை இலவசமாக நடந்திருக்கிறது.

பட்டறைப் பையன் ஒருவன், “கேஸ் வச்சுக் காய்ச்சி நிமிர்த்திடலாம் அண்ணே, காசு மிச்சம்” என்றான். அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சு முடிந்தது. ஆனால் மச்சான் முகத்தில் அந்த யோசனைக்கு வரவேற்பு இருந்ததால் நான் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த வகை உறுப்புகளின் வலிமை, அவற்றை உருவாக்கும்போதும் சூடேற்றிக் குளிர்விக்கும்போதும் அளந்து கொடுத்தது. கேஸ் தீயில் சிவக்கக் காய்ச்சினால் அந்த ஏற்பாடு கலைந்துவிடும். பச்சையாக நிமிர்த்தினாலும், வளைந்து நிமிர்ந்த இடத்தில் நுண்ணிய வெடிப்பு பிறந்திருக்கலாம். ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சுழற்றிச் சோதித்துக் காட்டியது இதைத்தான்: ஒரே அடியில் முறியாத இரும்பு, லட்சக்கணக்கான சிறு அடிகளில் முறியும். அப்படி முறிந்த இரும்பின் முகத்தைப் பார்த்தால், ரப்பர் மரத்தின் பால்வெட்டுப் பட்டைபோல இருக்கும். வெட்டுக்கு ஒரு மெல்லிய சீவல், வரிக்கு வரி கீழே இறங்கி வந்திருக்கும். கடைசி வரிக்குப் பிறகு ஒரே நாளில் முறிந்த சொரசொரப்பு.

கணுவை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, அதைக் கழற்றித் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தெளித்தார் அண்ணன். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் பொடியில் சிவப்புக் கோடாக ஊறி வரும். பழைய ரயில் பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் வைத்து இதையே செய்தார்கள். கால் மணி நேரம் காத்திருந்தோம். பொடி வெள்ளையாகவே இருந்தது.

லோவர் ஆர்ம் புதிது, டை ராடு புதிது, கணு பழையது. மறுபடி அலைன்மெண்ட், இந்த முறை வேறு கடையில், ஸ்வீப்போடு. புது ஆர்ம் போட்டபின் இரு பக்கக் காஸ்டருக்கும் இடையே கால் டிகிரிகூட வித்தியாசம் இல்லை. உங்கள் வண்டியில் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருந்தால், இதற்குப் பிறகு ஸ்டீயரிங் கோண உணரிக்கு ‘நேர்’ எது என்று மறுபடி சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் நேர்சாலையில் வண்டி திரும்புவதாக நினைத்துக்கொண்டு அது பிரேக்கில் கைவைக்கும்.

தோட்டத்துச் சாலையில் சக்கரம் இறங்கி அடிபட்டால், அலைன்மெண்ட் கடைக்குப் போகுமுன் வண்டியைக் கழுவுங்கள். நாடாவால் இரு பக்கமும் அளந்து எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் திருத்தத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு தாள் கேளுங்கள். இரண்டிலும் காஸ்டர் வரிசையில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் பதில் கோடு இருந்தால் காசு கொடுக்காதீர்கள்.